பனிக்காலமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும்: மலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஊட்டியில் ஓட்டு வீடு. மார்கழி, தை உறைபனியில் இரும்புச் சட்டியில் கரி போட்டு, புகை நன்றாக அடங்கிய பிறகு படுக்கையறைக்குள் வைப்போம். சமையலறையில் கேஸ் லீக் அலாரம் இருக்கிறது. அது போதாதா? கார்பன் மோனாக்சைடு அலாரம் தனியாக வாங்கி மாட்டினால் கணப்பைத் தொடரலாமா?

பதில்: போதாது, தொடரவும் கூடாது.

கேஸ் லீக் அலாரம் எரியாமல் கசியும் எல்பிஜியை உணர்வது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். அதனால்தான் அந்தக் கருவியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டுகிறார்கள். கார்பன் மோனாக்சைடு சரியாக எரியாத கரி, விறகு, கேஸ், டீசல் எல்லாவற்றிலிருந்தும் வரும். காற்றின் எடையை ஒட்டியே இருப்பதால் அறை முழுக்கப் பரவும். நிறமில்லை, வாசனையில்லை, கண் எரிச்சலும் இல்லை. ஒன்றுக்கான சென்சார் மற்றதற்கு உதவாது.

'புகை அடங்கிய பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். பலரை ஏமாற்றுவது இதுதான். கரி தணலாகச் சிவந்திருக்கும்போது, அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு மேலே உள்ள சூடான கரியின் ஊடே ஏறி வரும் வழியில் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. புகை இல்லை என்றால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை. நீறு பூத்த கங்கும் முழுக்க ஆறும் வரை வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். 10க்கு 10 அறையைச் சாத்திவைத்தால், வாயு சில நூறு பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு என்ற கணக்கு) அளவை எட்டக் கால் கிலோ கரியே தாராளம். ஜன்னலை ஓர் அங்குலம் திறந்துவைப்பது இதற்கு ஈடாகாது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது.

உயரமும் நமக்கு எதிரி. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். சமவெளியைவிட இங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். குறைவாகக் கிடைப்பதையும் அது தட்டிப் பறிக்கிறது.

அலாரம் என்பது சிம்னி அடைத்துக்கொண்டது, கீசர் பழுதானது போன்ற எதிர்பாராத கோளாறுக்கான காவல். தெரிந்தே அறைக்குள் தணலை வைத்துவிட்டு அதை நம்பிப் படுக்காதீர்கள். குளிருக்கு ஆயில் நிரப்பிய மின் ஹீட்டர் வாங்கலாம். அதைத் தனி 16 ஆம்பியர் பிளக்கில் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். மின் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், படுக்கப் போகுமுன் வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைப்பது செலவில்லாத வழி.

கேள்வி: கார்பன் மோனாக்சைடு அலாரம் இணையத்தில் மிக மலிவாகவும் வருகிறது, பல மடங்கு விலையிலும் வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? (குன்னூர்)

பதில்: முதலில் சென்சார். 'எலக்ட்ரோகெமிக்கல்' (வாயுவை வேதிவினையால் உணரும் வகை) என்று விவரத்தில் இருக்க வேண்டும். அடுத்தது தரம்: வீட்டு உபயோகத்துக்கான ஐரோப்பியத் தரம் இஎன் 50291-1, அமெரிக்கத் தரம் யுஎல் 2034. இந்த எண் கருவியின் முதுகிலேயே அச்சாகியிருக்க வேண்டும். கூடவே பிஎஸ்ஐ கைட்மார்க், யுஎல் போன்ற சோதனை அமைப்பின் முத்திரையும் வேண்டும். ஐரோப்பியச் சந்தைக் குறியான சிஇ என்ற எழுத்து மட்டும் இருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலும் அது உற்பத்தியாளர் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் உறுதி. பிரிட்டனின் 'விச்' நுகர்வோர் அமைப்பு இணையத்தில் விற்ற மலிவு அலாரங்களைச் சோதித்தபோது, வாயு இருந்தும் ஒலிக்காதவை அகப்பட்டன.

தர எண்ணுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், எவ்வளவு வாயுவுக்கு எத்தனை நிமிடத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை அதுதான் கட்டாயப்படுத்துகிறது. இஎன் தரப்படி 50 பிபிஎம் என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள். யுஎல் தரத்தில் 70 பிபிஎம்முக்கு 1 முதல் 4 மணி நேரம், 150க்கு 10 முதல் 50 நிமிடம், 400க்கு 4 முதல் 15 நிமிடம். ரத்தத்தில் சேரச் சேரத்தான் ஆபத்து என்பதால் அளவோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, இதய நோயாளி இருக்கும் வீட்டில் பிபிஎம் எண்ணைக் காட்டும் திரையுள்ள மாடலையே வாங்குங்கள். ஒலிக்கும் அளவை எட்டாத குறைந்த வாயு நாள்தோறும் இருந்தாலும் கண்ணில் படும். 'பீக்' (உச்ச அளவு) பதிவு இருந்தால், வீட்டில் ஆளில்லாதபோது எவ்வளவு ஏறியது என்பதும் தெரியும்.

மூன்றாவது, தேதி. சென்சாரின் ஆயுள் மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு. கடை அலமாரியில் கிடக்கும்போதும் அது தேய்கிறது. உற்பத்தியாகி ஓராண்டுக்கு மேலானதை வாங்காதீர்கள்.

பேட்டரி மாடலே மலைக்கு ஏற்றது. ஆடி மழையில் மரம் சாய்ந்து இரண்டு நாள் மின்சாரம் போனால், பிளக்கில் மட்டும் ஓடும் கருவி ஊமையாகிவிடும். அடுப்பும் ஜெனரேட்டரும் அதிகம் எரிவதும் அதே இரண்டு நாள்தான்.

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் பழைய வீடு. ஹாலில் ஃபயர் பிளேஸ், இரண்டு படுக்கையறை, குளியலறைக்குள் கேஸ் கீசர். எத்தனை அலாரம், எங்கே மாட்டுவது?

பதில்: அலாரத்துக்கு முன் கீசர். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில் மழை படாத மறைவில் மாற்றி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். குளிருக்குப் பயந்து குளியலறைச் சாளரத்தில் அட்டையோ பிளாஸ்டிக் தாளோ ஒட்டியிருந்தால் இன்றே கிழித்தெறியுங்கள். சின்ன அறையில் கீசர் பத்து நிமிடம் எரிந்தாலே ஆக்சிஜன் குறையும், குறையக் குறைய வாயு பெருகும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினாலோ, மேல்மூடியில் கரி படிந்தாலோ பர்னரில் தூசியோ சிலந்திக்கூடோ அடைத்திருக்கும். நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இனி அலாரம். உங்கள் வீட்டுக்கு மூன்று வேண்டும்: ஹாலில் ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று வீதம் இரண்டு. இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இரண்டு படுக்கையறைக்கும் பொதுவான நடையில் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். காது மந்தமான பெரியவர் இருந்தால் அவர் அறையிலேயே மாட்டிவிடுவது நல்லது.

ஹாலில், ஃபயர் பிளேஸிலிருந்து பக்கவாட்டில் 1 முதல் 3 மீட்டர் தள்ளி வையுங்கள். சுவரில் என்றால் கதவு, ஜன்னல் மேல்விளிம்பைவிட உயரத்தில், கூரையிலிருந்து 15 செ.மீ. கீழே. கூரையில் என்றால் எந்தச் சுவரிலிருந்தும் 30 செ.மீ. விலகி. சரிவுக் கூரை என்றால் உயரமான பக்கம். தகரக் கூரையில் நேரடியாக மாட்டாதீர்கள். விடியற்காலையில் தகரத்தின் அடியில் வியர்த்துச் சொட்டும் நீர் கருவிக்குள் இறங்கும். படுக்கையறையில் மட்டும் கணக்கு வேறு: படுத்திருப்பவர் தலை உயரத்தில், கட்டிலுக்கு அருகே. இந்த வாயு காற்றுக்கு ஏறக்குறைய சம எடை என்பதால் மூச்சு விடும் மட்டத்தில் இருப்பதே பயன்.

குளியலறை, அடுப்புக்கு நேர் மேலே, திரைச்சீலைக்குப் பின்னால், பீரோ இடுக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் ஆகிய இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். மாட்டுவது எளிது: 6 மி.மீ. டிரில் பிட், பிளாஸ்டிக் பிளக் இரண்டு, ஸ்க்ரூ இரண்டு. பழைய மண்சுவரில் பிளக் நிற்காது. மரச்சட்டத்தில் ஸ்க்ரூ போடுங்கள். துளைக்கும்போது கருவியை வேறு அறையில் வையுங்கள், தூசி சென்சாரின் வாயை அடைக்கும்.

சிம்னியை ஆண்டுக்கு ஒருமுறை, பனி தொடங்குமுன் கார்த்திகைக்குள் சுத்தம் செய்யுங்கள். பறவைக்கூடும் கரிப்படலமும்தான் வழக்கமான அடைப்பு. மூட்டுமுன் ஒரு ஊதுபத்தியை அடுப்புவாயில் காட்டினால், புகை மேலே இழுபட வேண்டும். அறைக்குள் திரும்பினால் அன்று மூட்ட வேண்டாம். கங்கு முழுக்க ஆறும் வரை புகைவழித் தகட்டை மூடக் கூடாது.

கேள்வி: அலாரம் மாட்டி ஒரு வருடமாகிறது. நடுராத்திரியில் நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்கிறது. இரண்டு தடவை நிஜ அலாரமே அடித்தது, ஆனால் வீட்டில் எதுவும் எரியவில்லை. (கொடைக்கானல்)

பதில்: விட்டுவிட்டு வரும் ஒற்றைக் கீச்சொலி பேட்டரி குறைந்ததற்கு. பனியில் பேட்டரியின் திறன் இன்னும் இறங்குவதால் இது பெரும்பாலும் விடியற்காலையில்தான் தொடங்கும். மூன்று, நான்கு மணிக்கு எழுப்புகிறதே என்று கழற்றி அலமாரியில் போட்டுவிடாதீர்கள். ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் சாதாரணமானதும் ரீசார்ஜ் வகையும் வேண்டாம். புது பேட்டரிக்குப் பிறகும் கீச் வந்தால் சென்சார் ஆயுள் முடிந்ததற்கான குறி. கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு கருவியையே மாற்றுங்கள்.

நிஜ அலாரம் வேறு மாதிரி: பெரும்பாலான மாடல்களில் நான்கு பீப், சிறு இடைவெளி, மறுபடி நான்கு. எதுவும் எரியாதபோது அது வந்தால், பக்கத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். எலக்ட்ரோகெமிக்கல் சென்சார் அதையும் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளும். மின்சாரம் வந்த சில மணி நேரத்தில் அடித்ததென்றால் காரணம் இதுவாக இருக்கலாம். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். ஹைட்ரஜன் அறைக்குள் சேர்வதும் ஆபத்துதான், தீப்பிடிக்கும். பெயின்ட், வார்னிஷ், ஸ்பிரே, சானிடைசர் ஆவியும் சென்சாரைக் குழப்பும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றி வைத்து, வாடை போனதும் மாட்டுங்கள். ஆனால் காரணம் இன்னதென்று உறுதியாகும் வரை ஒவ்வொரு அலாரத்தையும் நிஜம் என்றே எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். அண்டை வீட்டு ஜெனரேட்டர், போர்ட்டிகோவில் ஓடிக்கொண்டிருக்கும் ஜீப் ஆகியவற்றின் புகையும் உள்ளே வரும்.

வாரம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அது பேட்டரி, சர்க்யூட், பஸ்ஸர் மூன்றையும் சோதிக்கும். வாயு வந்தால் சென்சார் உணருமா என்பதை அது சொல்லாது. அதற்கு டெஸ்ட் கேஸ் டப்பா தனியாக விற்கிறது. ஊதுபத்தி, வண்டிப் புகை எதையும் காட்டிப் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும், துடைக்க ஃபினாயிலோ ஸ்பிரேயோ வேண்டாம். மாற்ற வேண்டிய ஆண்டை மார்க்கரால் ஓரத்தில் எழுதிவையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருக்கும் மகன் பிளக்கில் செருகும் அலாரம் கொண்டுவந்திருக்கிறான். அடாப்டர் போட்டு மாட்டலாமா?

பதில்: அது 120 வோல்ட்டுக்கானது. பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டரில் நம் 230 வோல்ட் ஏறினால் கருகிவிடும். 100-240 வோல்ட் என்று அச்சாகியிருந்தால் மட்டும் செருகலாம். இல்லையென்றால் அடுத்த முறை வரும்போது பேட்டரி மாடலாக வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வி: அலாரம் அடித்தபோது எல்லோருக்கும் லேசான தலைவலி. ஆக்சிமீட்டரில் 98 காட்டியதால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்துவிட்டோம். சரிதானே?

பதில்: சரியில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விஷம் ஏறியவருக்கும் 98 காட்டும்.

அலாரம் அடித்தால் குழந்தைகளை எழுப்பி எல்லோரும் வெளியே வாருங்கள். போகிற வழியில் முடிந்தால் அடுப்பை அணைத்து, கதவைத் திறந்தபடி விடுங்கள். தேடித் தேடி ஜன்னல் திறக்க நிற்காதீர்கள். வெளியே நின்று ஆளை எண்ணுங்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் எது இருந்தாலும் 108. மருத்துவமனையில் 'கார்பன் மோனாக்சைடு' என்ற பெயரைச் சொல்லி, கார்பாக்ஸிஹீமோகுளோபின் (அந்த வாயு ஏறிய ஹீமோகுளோபின்) ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சொல்லாவிட்டால் ஃபுட் பாய்சன், குளிர் காய்ச்சல் என்று போய்விட வாய்ப்புண்டு. சாதாரணக் காற்றில் உடம்பிலிருக்கும் வாயு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரமாகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். கர்ப்பிணி என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் போக வேண்டும், வயிற்றுப் பிள்ளைக்குப் பாதிப்பு அதிகம். மறதி, நடையில் தடுமாற்றம் போன்றவை சில நாள், சில வாரம் கழித்துக்கூட வரலாம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய அலாரத்தின் முதுகில் உற்பத்தித் தேதி நான்கு ஆண்டுக்கு முந்தையது. விற்றவர் பணம் தர மறுக்கிறார்.

பதில்: உற்பத்தி மாதம், ஆண்டு, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச விலை ஆகியவை பெட்டியில் இருந்தாக வேண்டும். பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் கருவியின் முதுகையும் படமெடுத்து, பில்லோடு அந்த இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுப் பதில் அனுப்பி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீலகிரிக்கு ஊட்டியில், கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல்லில். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் திரும்பும் வரை அந்தக் கருவியைத் தூக்கியெறியாதீர்கள், சாட்சி அதுதான். அதே சமயம் அதை நம்பிச் சுவரிலும் மாட்டிவைக்காதீர்கள்.