புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரத்தில் காணாமல் போகிறார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற கூட்டு முயற்சிகளில் அவர்களை எப்படி வரவேற்பது?

நானும் அப்படிக் காணாமல் போனவன்தான், அதனால் பதில் சொல்கிறேன்.

எனக்கு மன்னார்குடிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கினேன். தெரியாதவர்களுக்கு: விக்கிப்பீடியா மாதிரி யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம், 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதில் எங்கள் தெருகூட இல்லை. கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலை முதலில் வரைந்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வாய்க்காலைக் காணோம். "தவறான திருத்தம்" என்று இரண்டே சொல், வேறு பேச்சில்லை.

தப்பு என்னுடையதுதான். அங்கே ஆறு, வாய்க்கால் எதுவானாலும் தண்ணீர் ஓடும் திசையில்தான் கோடு இழுக்க வேண்டும். நான் வீட்டில் தொடங்கி மதகில் முடித்திருந்தேன். கடைமடையிலிருந்து தலைப்புக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது! கோட்டைத் திருப்பிவிட ஒரு சொடுக்குப் போதும். அதைச் சொல்லித்தர அன்றைக்கு ஆளில்லை. எட்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுபடி போனது ஒரு கேள்வியால். முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: "உங்கள் ஊரில் இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன. எது பாசன வாய்க்கால், எது வடிகால்?" செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தரை தட்டை என்பதால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூட மேலேயிருந்து பிடிபடாது. எங்கள் ஊரில் மாடு மேய்க்கிற பையன் சொல்லிவிடுவான். அன்று ராத்திரியே பக்கம் பக்கமாகப் பதில் எழுதினேன். அந்த வாரம் முழுக்க சைக்கிளில் வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றினேன்.

ஆகவே என் பதில் இதுதான்: வருகிறவருக்கு விதிகளை நீட்டாதீர்கள், அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். அச்சடித்த வரவேற்புச் செய்தியை நானும் இருபது பேருக்காவது ஒட்டியிருக்கிறேன். ஒருவர் நன்றி சொன்னார், அவ்வளவுதான். திருத்தத்தைச் சேமிக்கும்போது 'யாராவது சரிபாருங்கள்' என்று கேட்க அங்கே ஒரு பெட்டி இருக்கிறது. புதியவர்கள் நம்பி அதில் குறி போடுகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் அப்படிக் கேட்டவர்களைத் தேடிப் பதில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவு வேண்டாம். கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயர்களை எழுதினால் உடனே தடுத்துவிடுங்கள், அது பதிப்புரிமைச் சிக்கல். ஆனால் ஏன் என்று சொல்லித் தடுங்கள்.

அப்புறம், போன வருடம் தஞ்சாவூர்த் தம்பி ஒருவர் கல்லணைக் கால்வாயின் பெயரை அழித்துவிட்டு 'புது ஆறு' என்று எழுதிவிட்டார். (மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1930-களில் வெட்டியது. இன்னும் தஞ்சைக்காரர்களுக்கு அது புது ஆறுதான்.) பழைய பெயரை மீட்டுவிட்டு இரண்டு சொல் எழுதிப்போட எனக்கும் கை துறுதுறுத்தது. எனக்கு நடந்தது ஞாபகம் வந்தது. "முதன்மைப் பெயர் அப்படியே இருக்கட்டும் தம்பி, மக்கள் சொல்லும் பெயருக்குத் தனி இடம் இருக்கிறது, அங்கே போடுங்கள். உங்கள் பக்கத்துக் கிளை வாய்க்கால்களுக்கெல்லாம் என்ன பெயர்?" என்று எழுதினேன்.

பதிலுக்கு ஒரு நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அவருடைய தாத்தா சொல்லச் சொல்ல எழுதியதாம், முப்பதுக்கு மேல் பெயர்கள். கீழே ஒரு வரி: "அண்ணே, நீங்க வடிகால்னு போட்டதுல ரெண்டு, பாசன வாய்க்கால். மாத்திடவா?"