மருந்து கொடுத்தும் திரும்பி வரும் கோழிக் கழிச்சல்

கேள்வி: பல்லடம் அருகே கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். இருபது நாள் தாண்டியதும் கோழிகள் ஆரஞ்சு நிறத்தில் சளியாகக் கழிகின்றன. தீவனம் செரிக்காமல் வருகிறது. நல்ல எடையுள்ள கோழிகள் திடீரென்று செத்துக் கிடக்கின்றன. ஆன்டிபயாடிக் கொடுத்தால் நிற்கிறது, அடுத்த பேட்ச்சில் மறுபடி வருகிறது. ஏன்?

பதில்: காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியால் வரும் ரத்தக்கழிச்சலும் அதன் மேல் சேரும் குடல் அழுகலும்தான் என் முதல் சந்தேகம். ரத்தம் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். சிறுகுடலைத் தாக்கும் காக்சிடியா வகைகளில் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் ஆரஞ்சு சளிதான் வரும்.

குடல் அழுகலை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா நல்ல கோழியின் குடலிலும் உண்டு. சும்மா இருக்கும் அதற்கு இடம் கொடுப்பது காக்சிடியா. அது குடல் சுவரைப் புண்ணாக்கியதும் கசியும் புரதத்தைத் தின்று கிளாஸ்ட்ரிடியம் பெருகி நச்சைக் கக்குகிறது. ஆன்டிபயாடிக் இந்தப் பாக்டீரியாவை அடக்கும். ஆனால் காக்சிடியாவின் முட்டைகள் தரையில் பரப்பிய கூளத்திலேயே இருக்கும், அதனால்தான் அடுத்த பேட்ச்சில் மறுபடி வருகிறது.

அதனால் முதலில் கூளத்தைப் பாருங்கள். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்குங்கள். விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். ஈரமும் வெப்பமும் இருந்தால் அந்த முட்டைகள் ஓரிரு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். தண்ணீர் நிப்பிள் ஒழுகுகிறதா, மழைச்சாரல் உள்ளே அடிக்கிறதா என்று தினமும் பாருங்கள். கூளமாகத் தேங்காய் நார்க்கழிவு பரப்பியிருந்தால் கூடுதல் கவனம் தேவை, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கட்டி தட்டிய இடத்தை அள்ளி வெளியேற்றிவிட்டுக் காய்ந்த கூளம் போடுங்கள்.

அடுத்தது தீவனம். மீன்தூள் அதிகமானாலும் கோதுமை சேர்ந்தாலும் கிளாஸ்ட்ரிடியத்துக்குக் கொண்டாட்டம். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். கம்போரோ நோயும் அப்படித்தான், தடுப்பூசி தவறக் கூடாது. குஞ்சுப் பருவ ஸ்டார்ட்டர் தீவனத்திலிருந்து கடைசிக் கட்ட ஃபினிஷர் தீவனத்துக்கு ஒரே நாளில் மாற்றாமல் சில நாள் கலந்து கொடுங்கள். இட நெருக்கடியும் வெயிலும் தனியாகவே குடலைக் கெடுக்கும்.

காக்சிடியாவுக்கு ஆம்ப்ரோலியம் மருந்து கொடுக்கும்போது கூடவே பி-காம்ப்ளக்ஸ் டானிக் கலக்காதீர்கள். அந்த மருந்து வைட்டமின் பி1-ஐத் தடுத்துத்தான் வேலை செய்கிறது, டானிக் அதைக் கெடுத்துவிடும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடவே வேண்டாம். கோழிகளுக்குக் கொடுக்க 2019-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது.

மருந்தை மாற்றுவதற்கு முன் அன்று காலை செத்த கோழியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ உடனே கொண்டுபோய்க் குடலைப் பார்க்கச் சொல்லுங்கள். நேரமானால் செத்த உடலில் கிளாஸ்ட்ரிடியம் தானாகவே பெருகும், முடிவு குழம்பும்.