ஏரியை இயற்கையிடமே விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து அகற்றலாம் என்கிறோம். "மனுஷன் கை வைத்துத்தான் பூமியே கெட்டது, இயற்கையிடம் விட்டுவிடுங்கள்" என்று சிலர் தடுக்கிறார்கள். யார் சொல்வது சரி? (வாசகர், மதுராந்தகம் வட்டம்)

பதில்: தடுப்பவர்களின் பயம் நியாயமானது. தூர் வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கி ஏரியையே சுரண்டிவிட்டுப் போன கதைகள் ஏராளம். ஆனால் அந்த ஏரியை வெட்டியதே மனிதர்கள்தானே? கரை, மதகு, கலிங்கு, வரத்துக்கால் எல்லாம் மனித வேலை. அப்படியே விட்டால் வண்டல் சேர்ந்து மேடாகும், கரை ஒருநாள் உடையும். சீமைக்கருவேலமும் தானாக வந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்து மரம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

உங்கள் வட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. அதுவும் பாசனத்துக்கு வெட்டிய ஏரிதான். பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்ட ஊர்க்காரர்கள், பறவைகளைச் சுடவிடாமல் தடுக்கும் உரிமையை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். அங்கே மனிதன் கை வைத்ததால்தான் பறவைகளுக்கு இடம் கிடைத்தது.

அப்படியானால் மனிதன் செய்வதெல்லாம் இயற்கைதானா? நாமும் ஓர் உயிரினம் என்ற கணக்கில் ஆமாம். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசிகள் காற்றில் ஆக்சிஜனைக் கலந்து, அதுவரை இருந்த உலகத்தையே புரட்டிப்போட்டன. அதுவும் இயற்கைதான்! ஆனால் அந்த மாற்றம் பல லட்சம் தலைமுறை உயிர்களுக்கு அவகாசம் கொடுத்து நடந்தது. நாமோ 1750 வாக்கில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயுவை இன்று 420-க்கும் மேல் ஏற்றிவிட்டோம். மூன்று நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஆகவே ஒரு மாற்றத்தின் வேகம் என்ன, மற்ற உயிர்கள் அதற்குப் பழக நேரம் இருக்கிறதா, தவறினால் திருப்ப முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் ஏரிக்கும் அதே அளவுகோல்தான். ஒரே வாரத்தில் மொட்டையடிக்காதீர்கள். வேறு மரம் இல்லாத ஏரிகளில் கொக்கும் நாரையும் சீமைக்கருவேலத்திலேயே கூடு கட்டும். குஞ்சுகள் பறந்து, ஏரி வற்றிய கோடையில் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். கூடு இருந்த மரங்களைக் கடைசிக்கு வையுங்கள். காலியான இடத்தில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டு, அவை வளர்ந்த பிறகு அடுத்த பகுதி.

வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடுதான் எடுக்க வேண்டும். கரையில் நிற்பதை மட்டும் பொறியாளரைக் கேட்காமல் பிடுங்காதீர்கள், அந்தக் குழி வழியாக நீர் கசியலாம். ஆடு மாடுகள் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஈர மண்ணில் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பல ஊர்களில் இந்த வேலை இரண்டாம் வருடமே நின்றுபோகிறது.

அப்புறம் அனுமதி. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குள் என்றால் ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத்துறை. கிராமசபையில் தீர்மானம் போட்டு, தடுக்கிறவர்களையும் அதில் பேசவைத்து, நகலோடு மனு கொடுங்கள். மரத்தை நீங்களாக விற்றுவிடாதீர்கள். அது அரசுச் சொத்து.