வண்டியோடு விழுந்த பிள்ளை: வாசகர் கேள்வி - பதில்

என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். போன ஞாயிறு ராத்திரி அவன் அப்பாவின் 150 சிசி வண்டியை எடுத்துப் போய், வளைவில் கிடந்த மணலில் சறுக்கி விழுந்துவிட்டான். ஹெல்மெட் கையில் தொங்கியது, தலையில் இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, முறிவு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். முழங்கையில் சிராய்ப்பு இருக்கிறது. மணிக்கட்டு வலிக்கிறது என்கிறான். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, நாமக்கல்

உங்கள் கடிதம் அச்சில் வருவதற்குள் முதல் இரண்டு நாள் கடந்திருக்கும். அதனால் தலைக்காயம் பற்றிச் சொல்வது மற்ற வீடுகளுக்கும் சேர்த்து. மணிக்கட்டு பற்றிச் சொல்வது உங்களுக்கே.

தலையில் அடிபட்டால் முதல் 48 மணி நேரம் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. ஒரு தடவைக்கு மேல் வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, கருவிழிக்குள் இருக்கும் பாப்பா ஒரு கண்ணில் பெரிதாகவும் மறு கண்ணில் சிறிதாகவும் தெரிவது, காது மூக்கில் தண்ணீர் போல வடிவது, வலிப்பு. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். 'தூங்கவே விடாதே' என்று பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர் பார்த்து அனுப்பிய பிறகு தூங்கலாம். முதல் ராத்திரி மட்டும் ஓரிரு முறை எழுப்பி, பெயரையும் கிழமையையும் கேளுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால் போதும். வலிக்கு பாரசிட்டமால் சரி. மற்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், சிலவற்றால் ரத்தக் கசிவு கூடும்.

வயிற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஹேண்டில் பாரின் முனை வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு ரூபாய் அளவு கன்றிப்போன தடம்தான் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். வயிறு கல் போல இறுகுவது, அடிபடாத இடது தோளில் வலி, எழுந்து நின்றால் கண் இருட்டுவது, சிறுநீர் சிவப்பாகப் போவது எல்லாம் அவசர அறிகுறிகள். ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம்.

இனி மணிக்கட்டு. கட்டைவிரலை நன்றாக மேலே தூக்கி விரிக்கச் சொல்லுங்கள். அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழியில் மெல்ல அழுத்திப் பாருங்கள். சுரீரென்று வலித்தால், உள்ளே இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பில் விரிசல் விட்டிருக்க வாய்ப்பு உண்டு. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டின் சிறு எலும்புகளில் வழக்கமாக உடைவது இதுதான். முதல் நாள் எக்ஸ்ரேயில் பல சமயம் தெரியாது. 10 முதல் 14 நாளில் மறுபடி எடுத்தால்தான் தெரியும். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, கவனிக்காமல் விட்டால் ஒட்டாது, மணிக்கட்டு வருடக்கணக்கில் தொல்லை கொடுக்கும். எலும்பு டாக்டரிடம் இந்த வாரமே காட்டுங்கள். அதற்குள் மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டு வேண்டாம். கட்டு எதுவானாலும் விரல் மரத்து, நீலம் பூத்து, நீட்டினால் உயிர் போகிற வலி வந்தால் உடனே தளர்த்தியாக வேண்டும்.

சிராய்ப்பில் மஞ்சள்தூள், காப்பித்தூள், டூத்பேஸ்ட் எதுவும் போடாதீர்கள். மணலும் தார்த்துகளும் முதல் நாளே கழுவி எடுக்கப்படாவிட்டால் பச்சை குத்தியது போலத் தோலுக்குள் தங்கிவிடும். டிடி ஊசி போட்டார்களா என்று சீட்டில் பாருங்கள். பஞ்சை நேராக வைக்காமல் பாரஃபின் தடவிய துணிக்கட்டு வைத்தால் பிரிக்கும்போது ஒட்டாது.

என் 17 வயது மகன் வண்டியில் போய் ரோட்டைக் கடந்த பெரியவர் ஒருவரை இடித்துவிட்டான். அவருக்குக் கால் முறிவு. வண்டி என் பெயரில். இன்சூரன்ஸ் உண்டு, அவனுக்கு லைசென்ஸ் இல்லை. என் தம்பி ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்கிறார்கள் உறவினர்கள்.
- வாசகர், திருநெல்வேலி

அதை மட்டும் செய்யாதீர்கள். மகனுக்கும் சிராய்ப்பு இருந்து ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால், எப்படி அடிபட்டது என்பது அங்கேயே ஏ.ஆர் காப்பியில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில்) பதிவாகியிருக்கும். தெருக் கேமராக்களும் இருக்கும். பொய் அம்பலமானால் உங்கள் தம்பி மீதும் ஒரு வழக்கு சேரும்.

ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு வரும் காலம் 2019 சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டி உரிமையாளரோதான் பொறுப்பு. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. உங்களுக்குத் தெரியாமல் எடுத்தான், அல்லது தடுக்க வேண்டிய எல்லாக் கவனமும் எடுத்தீர்கள் என்று நிரூபித்தால் தப்பலாம். ஆனால் தினமும் டியூஷனுக்கு அதே வண்டியில் அனுப்பிய வீட்டால் அதை நிரூபிக்க முடியாது.

இன்சூரன்ஸ் விஷயத்தில், பெரியவருக்கான நஷ்ட ஈட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்பதால் உங்களிடம் வசூலிக்கும்படிதான் தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் உத்தரவிடுகின்றன. வண்டிச் சேதத்துக்குப் பணம் எதிர்பார்க்காதீர்கள். வக்கீலை இப்போதே பாருங்கள். பெரியவரின் குடும்பத்திடம் ஒன்று சொல்லலாம்: தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட தொகை வரை இலவசம், வருமான வரம்பு கிடையாது. அவர்கள் நஷ்ட ஈட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும்.

18 வயது மகன், லைசென்ஸ் உண்டு. முன்னால் போன கார் திடீரென்று நின்றதில் இடித்து விழுந்து காறை எலும்பு முறிந்தது. இப்போது கூடிவிட்டது. மெக்கானிக் ஹேண்டிலை நிமிர்த்தி வண்டியைக் கொடுத்துவிட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்கிறாள் மனைவி. நான் என்ன செய்ய?
- வாசகர், கோயம்புத்தூர்

விற்றாலும் அவன் ஓட்டுவான், நண்பனின் வண்டியை. அதன் டயரும் பிரேக்கும் எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. எங்கள் யோசனை, வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

'ஹேண்டிலை நிமிர்த்தி' என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. முன்பக்கம் இடித்த வண்டியில் வளைவது பெரும்பாலும் ஹேண்டில் மட்டும் அல்ல, ஃபோர்க் குழாய் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்), டி-ஸ்டெம் (அந்தக் குழாய்களைப் பிடிக்கும் தண்டு), ரிம் எல்லாம்தான். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி யாரையாவது பின்பக்கம் அழுத்தச் சொல்லுங்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் அவுட், அதாவது வளைந்துவிட்டது. அலாய் வீலில் விரிசலோ பள்ளமோ இருந்தால் சூடு காட்டித் தட்டி எடுப்பதை ஏற்காதீர்கள், மாற்றத்தான் வேண்டும். அதே நிலையில் ஹேண்டிலை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் 'டக்'கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால் குழாயைக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த குழாய் தாவித் தாவி உருளும்.

கடைசியாகக் கொத்தனார் நூல். முன்சக்கரத்தை நேராக வைத்து, பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒட்டியபடி நூலை முன்சக்கரம் வரை இழுத்துப் பிடியுங்கள். முன் டயர் ஒடுக்கமானது, அதனால் இரு பக்கமும் சம இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் விரல் நுழைந்தால், முதலில் பின்சக்கரம், செயினை இறுக்கும் இடத்தில் உள்ள குறிகளில், இரு பக்கமும் ஒரே குறியில் நிற்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தால் கோளாறு ஃபோர்க்கிலோ சேஸிலோதான்.

மகனைப் பொறுத்தவரை, டாக்டர் சரி என்ற பிறகும் கையை முழுக்கத் தலைக்கு மேல் தூக்க முடிய வேண்டும், பிரேக் லீவரை அழுத்திப் பிடிக்கும்போது தோள் வலிக்கக்கூடாது.

முன்னால் போன வண்டி 'திடீரென்று' நின்றது என்பது பெரும்பாலும் பாதி உண்மைதான். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறோம். ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கை வைக்க ஒன்றரை வினாடி, அதற்குள் 25 மீட்டர் போய்விடும். அதன் பிறகு உலர்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 23 மீட்டர். மொத்தம் 48, கிட்டத்தட்ட நான்கு பஸ் நீளம். 40 கி.மீ. வேகத்தில் அதே கணக்கு 27 மீட்டரில் முடிகிறது.

ஞாயிறு காலை காலி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழகச் சொல்லுங்கள். 20 கி.மீ.யில் பத்து முறை, பிறகு 30, பிறகு 40. முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் எலுமிச்சை பிழிவது போல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கூடவே பின்பிரேக், கிளட்ச் கடைசியில். நிற்கும் சக்தியில் சுமார் 70 சதவீதம் முன்சக்கரத்திலிருந்தே வருகிறது. பிரேக் போட்டதும் வண்டியின் எடை முன்னால் சாய்வதுதான் காரணம். முன்பிரேக்கைத் தொட்டால் கவிழ்ந்துவிடும் என்று பின்பிரேக்கை மட்டும் மிதிக்கும் பிள்ளைகளே பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறார்கள். வண்டி சாய்ந்திருக்கும்போதும் மணல் மேலும் மட்டும் முன்பிரேக் ஆகாது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். முதல் இரண்டு மாதம் பின்னால் யாரும் வேண்டாம், இருட்டிய பின் வேண்டாம்.

விழுந்த பிறகு மகள் வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறாள், சரியாகத் தூங்குவதில்லை. - வாசகி, மதுரை

முதல் சில வாரம் இது இயல்பு. என்ன நடந்தது என்று தோண்டாதீர்கள், அவளே சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் பயமும் நீடித்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ மனநல ஆலோசகரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கீழே விழுந்த ஹெல்மெட்டில் ஒரு கீறல்தான் இருக்கிறது. மறுபடி போடலாமா? - வாசகர், தஞ்சாவூர்

தலையில் இருந்தபோது அடி வாங்கியதென்றால் தூக்கிப்போடுங்கள். அடியை வாங்குவது மேல் ஓடு மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு. ஒரு முறை நசுங்கினால் பழையபடி உப்பாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 எண்ணும் இருக்க வேண்டும். புருவத்துக்கு மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்து சைஸ் எடுங்கள். வாரைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளுங்கள். கழன்று வந்தால் அது போடுகிறவரின் சைஸ் அல்ல.

16 வயதில் டி.வி.எஸ். 50 ஓட்டலாம் என்கிறார்களே? - வாசகர், விருதுநகர்

சட்டம் சொல்வது 50 சிசிக்கு மேற்படாத வண்டி, அதுவும் லைசென்ஸோடு. நாம் இன்னும் 'டி.வி.எஸ். ஃபிஃப்டி' என்று கூப்பிடும் வண்டி இப்போது எக்ஸ்.எல். 100. அது 99.7 சிசி, எனவே 18 வயது ஆக வேண்டும். லைசென்ஸே தேவைப்படாதவை 250 வாட்டுக்குக் குறைந்த சக்தியும் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட மின்சார ஸ்கூட்டர்கள் மட்டுமே. வாங்கும்போது இரண்டு எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு கடைக்காரரிடம் 'வேகத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொடுங்கள்' என்று கேட்டால் அந்த விலக்கும் போய்விடும்.