நாமே உண்டாக்கிய பொருள் பொய்யா?

கேள்வி: வயது 38. நல்ல வேலை, அன்பான குடும்பம். சில மாதங்களாக இருத்தலியல் நூல்களைப் படிக்கிறேன். வாழ்க்கைக்கென்று தனியாகப் பொருள் கிடையாது, நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். நான் உண்டாக்கியதை நானே கலைக்கவும் முடியுமே, அப்படியானால் அது வெறும் பாவனைதானே? பார்வையற்ற பெரியவர் ஒருவருக்கு வாரந்தோறும் புத்தகம் வாசித்துக் காட்டிவந்தேன். அதிலும் பொருள் தெரியாமல் நிறுத்திவிட்டேன். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம்

பதில்: 1945-இல் பாரிஸில் ஆற்றிய உரையில் பிரெஞ்சு இருத்தலியல் தத்துவவாதி சார்த்தர் ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். அண்ணன் போரில் இறந்துவிட்டான். தாய்க்கு இவன்தான் துணை. இங்கிலாந்துக்குப் போய் ஜெர்மனிக்கு எதிரான பிரெஞ்சுப் படையில் சேர்வதா, தாயுடன் இருப்பதா என்று அவரிடம் கேட்டு வந்தான். நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு என்று சொல்லிவிட்டாராம். நான் அப்படி எழுதினால் ஆசிரியர் இந்தப் பகுதியையே இழுத்து மூடிவிடுவார்! ஆனால் அதே உரையில் இன்னொன்றும் சொன்னார்: யாரிடம் யோசனை கேட்பது என்று முடிவு செய்யும்போதே, என்ன பதில் வரும் என்பது நமக்கு ஏறக்குறையத் தெரிந்திருக்கிறது. வேலை, குடும்பம் பற்றி ஒரே வரியில் முடித்த நீங்கள், அந்தப் பெரியவரை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

பாவனை என்ற சொல்லுக்கு வருகிறேன். "அடுத்த வாரம் வருகிறேன்" என்று நீங்கள் சொல்லும்வரை அப்படியொரு கடமை உலகில் எங்கும் இல்லை. சொன்ன கணத்தில் பிறந்துவிடுகிறது. நீங்கள் உண்டாக்கியது என்பதால் அது பொய்யாகிவிடுமா? மீற முடிவதால்தான் வாக்கைக் காப்பாற்றுவதற்கு மதிப்பு. கல் கீழே விழுவதை யாரும் மெச்சுவதில்லை. நாமே உண்டாக்கும் பொருளும் வாக்கைப் போன்றதுதான்: ஒரு முறை கட்டி முடித்துவிட்டு நிம்மதியாகக் குடியேற முடியாது, வாராவாரம் புதுப்பிக்க வேண்டும். களைப்பான வேலைதான், மறுக்கவில்லை. எல்லாம் நம் கையில்தான் என்னும் திகைப்பும் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பதற்றத்தைச் சுதந்திரத்தின் தலைச்சுற்றல் என்று டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககார்ட் 1844-லேயே எழுதிவிட்டார்.

பொருள் புலப்பட்ட பிறகு வாசிக்கப் போகலாம் என்று காத்திருக்கிறீர்கள். வாசிக்கும்போது உண்டாவது வாசிக்காமல் எப்படிப் புலப்படும்? நிறுத்தியதும் ஒரு தேர்வுதான், அதற்கும் நீங்களே பொறுப்பு. (தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் தத்துவத்தை ஒதுக்கிவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.)

எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்? நீங்கள் மறந்திருந்தாலும் பெரியவருக்கு நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள்.