கொந்தரப்புக் கடதாசி

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். வயது 26. கணக்கியல் டிப்ளோமா முடித்துவிட்டு கொழும்பில் ஒரு கம்பெனியில் 3 வருடம் 4 மாதமாக வேலை செய்கிறேன். இங்கிலாந்தில் உள்ள சின்னக் கடைகளின் கணக்கை இங்கிருந்து எழுதிக் கொடுக்கும் கம்பெனி. போன வருடம் பில்லைத் தானாகவே வாசித்துப் பதியும் மென்பொருள் ஒன்று வந்தது. எங்கள் பிரிவில் 11 பேர் இருந்தோம். இப்போது 5 பேர்.

இந்த 5 பேருக்கும் புதிய கடதாசி ஒன்று தந்திருக்கிறார்கள். நிரந்தர வேலையை விட்டுவிட்டு 'சுயாதீன சேவை வழங்குநர்' என்று ஒப்பந்தம் செய்ய வேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். இப்போது சம்பளம் 80,000 ரூபாய், கைக்கு வருவது 73,600. ஒப்பந்தத்தில் மாதம் 90,000, கழிவு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். "அதை விட்டுட்டு டீச்சர் வேலைக்குப் போ" என்கிறார்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. போன மாதம்கூட, பிள்ளைகள் உடுப்பு விற்கும் ஒரு கடையின் கொள்முதல் பில்களுக்கெல்லாம் மென்பொருள் 20 வீதம் வற் வரி என்று பதிந்திருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். ஆனால் மெஷின் செய்கிற வேலைக்கு நான் எத்தனை நாளைக்குத் தேவைப்படுவேன் என்று பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா ஐயா?

ச.

*

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. அதனால் முதலில் கணக்கைப் பார்ப்போம்.

73,600க்கும் 90,000க்கும் இடையில் 16,400 ரூபாய் கூடுவது போலத் தெரிகிறது. ஆனால் இப்போது உங்கள் சம்பளத்தில் கழியும் 6,400 ரூபாய் எங்கேயும் போய்விடவில்லை. ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் பேரில் சேருகிற 8 வீதம் அது. அதே நிதிக்கு கம்பெனி தன் பங்காக 12 வீதம், அதாவது 9,600 ரூபாய் கட்டுகிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம், 2,400 ரூபாய். கூட்டிப் பாருங்கள். இன்றைக்கே உங்களுக்காகக் கம்பெனி மாதம் 92,000 ரூபாய் செலவழிக்கிறது. ஒப்பந்தத்தில் தரப்போவது 90,000.

இதோடு முடியவில்லை. 15 பேரோ அதற்குக் கூடவோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று பணிக்கொடை கொடுக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். உங்களுக்கு இன்னும் 1 வருடம் 8 மாதம்தான் பாக்கி. சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாவிட்டாலும் அது 2 லட்சம் ரூபாய். வருடத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு லீவு, அதற்கு மேல் திடீர்த் தேவைகளுக்கு 7 நாள் அமய லீவு, நாளைக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பிறந்தால் 84 நாள் பிரசவ லீவு. இதெல்லாம் ஊழியருக்கு உள்ளவை. சேவை வழங்குநருக்குச் சட்டம் இவற்றைத் தருவதில்லை. லெப்டொப் பழுதானால் உங்கள் செலவு. டேட்டாவும் கரண்ட் பில்லும் உங்கள் செலவு. மழை நாளில் தோட்டத்து லய வீட்டுக்குள் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கடதாசியின் தோட்டத்துப் பேர் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். கொந்தரப்பு. ஒரு மலையின் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட (கத்தரிக்க) இவ்வளவு, கான் (வடிகால்) வெட்ட இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால், அதற்கு மேல் ஒருவரும் ஒருவருக்கும் பொறுப்பில்லை. உடம்பில் பலம் உள்ளவன் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போவான், காசும் பார்ப்பான். முதுகு பிடித்துக்கொண்ட அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும். இப்போது தோட்டங்களிலும் நாட்சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, நிலத்தைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோ கணக்கில் காசு தரும் முறையைக் கம்பெனிகள் முன்வைக்கின்றன. அம்மாவின் மலைக்கு வருகிற அதே யோசனைதான் கொழும்பில் உங்கள் மேசைக்கும் வந்திருக்கிறது.

கொந்தரப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. நாலு கடைக்காரர்கள் உங்களை நேராகத் தெரிந்து, உங்களைத்தான் வேண்டும் என்று கேட்கிற நிலை வந்தால் நீங்களே போய் அதைச் செய்யலாம். இன்றைக்கு உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு ஆள். ஊழியர் என்கிற பேரை விட்டுவிட்டு அதே ஆளிடமே போவதால் உங்களுக்கு என்ன மிச்சம்?

கையெழுத்துப் போடாவிட்டால் உடனே நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேராவது உள்ள இடத்தில், கடந்த 12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் இரண்டில் ஒன்று வேண்டும்: அவருடைய எழுத்து மூலச் சம்மதம், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி. அந்த எழுத்து மூலச் சம்மதத்தைத்தான் உங்களிடம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். போன 6 பேர் எதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். நிறுத்தி 6 மாதம் ஆகாவிட்டால், சம்மதம் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு முறைப்பாடு செய்ய இன்னும் வழி இருக்கிறது. அவர்களுக்கும் சொல்லுங்கள்.

சரி, மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். அதை எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் அந்த நடுக்கம் எனக்கும் வந்தது.

நான் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவன். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. சில வருடத்தில் எங்கள் ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேடு முழுவதும் கையால்தான். பேர் (ஒரு முழு நாள் சம்பளம்), அரைப்பேர் (அரை நாள் சம்பளம்), கூடுதல் கிலோ, தீபாவளி முற்பணம், சங்கத்துச் சந்தா, கோயில் காசு என்று மாசக் கடைசியில் விடிய விடிய எழுதுவோம். ஆறு பேர் எழுதியதை மெஷின் ஒரு மத்தியானத்தில் முடித்தது. மூன்று பேரை அனுப்பிவிட்டார்கள். மூவருமே என்னைவிட வேகமாக எழுதக்கூடியவர்கள். ஒருவருடைய கையெழுத்து இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது, அவ்வளவு அழகு.

மெஷின் போட்ட முதல் சம்பளம் பெப்ரவரி மாதத்துக்கு. சம்பளத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான பணியக்கணக்கில் பாதிப் பொம்பளைகளுக்கு அரைப்பேர் விழுந்திருந்தது. முழுப்பேருக்கு 16 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்று மெஷினில் கொடுத்து வைத்திருந்தார்கள். 13, 14 கிலோ எடுத்தவர்களுக்கு அது அரைப்பேர் போட்டுவிட்டது. தனக்குக் கொடுத்த கணக்குப்படி அது சரியாகத்தான் செய்திருந்தது. ஆனால் அந்த மாதம் மழையே இல்லை, கொழுந்து இல்லை, அதனால் அந்த மலைகளுக்கு 12 கிலோ போதும் என்று குறைத்திருந்தார்கள். அது ஒரு துண்டுக் கடதாசியில் இருந்தது, அப்புறம் மலையில் நின்றவர்களுக்குத் தெரியும். தாளை எடுத்துக்கொண்டு தோட்டத்து மனேஜரான துரையின் பங்களாவுக்கு நடந்தேன். ராத்திரி 11 மணிக்குத் திருத்தி மறுபடியும் அச்சடித்தோம். அதற்குப் பிறகு என்னிடம் காட்டாமல் எந்த மாதமும் சம்பளம் போகவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். பிள்ளைகள் உடுப்புக் கடை. இங்கிலாந்தில் வற் வரி 20 வீதம் என்றாலும் பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் பூச்சிய வீதம். அதை மென்பொருள் 20 என்று பதிந்தது. நீங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தக் கடைக்காரர் கட்டாத வரியை அரசாங்கத்திடம் திருப்பிக் கேட்டிருப்பார். பிடிபட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தண்டமும் வரலாம். இவ்வளவு பெரிய வேலையை "போன மாதம்கூட" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். இதை மனேஜரிடம் சொன்னீர்களா? அந்தக் கடைக்காரருக்குத் தெரியுமா? திருத்தினேன் என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நம் பிள்ளைகள் இப்படித்தான். வேலையைச் செய்துவிட்டுத் தலை குனிந்து நிற்போம். கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று பல தலைமுறை பழகிய பழக்கம், ஏ.சி. போட்ட அறைக்குள்ளும் கூடவே வருகிறது.

எங்கள் அம்மா அதிகம் எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் லயத்து அறையான காம்பராவில் முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கும். காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில் நிறுத்த கிலோவை ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு வைப்பார். ஒரு மாதம் சம்பளத் துண்டில் இரண்டு நாள் பேர் குறைந்தது. காலண்டரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்குப் போனார். எனக்குப் பத்து வயதிருக்கும், பின்னால் நின்றேன். உள்ளே சத்தம் போட்டார்கள், அம்மா நகரவில்லை. கோட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அடுத்த மாதம் அந்த இரண்டு நாள் பேரும் சம்பளத்தில் சேர்ந்து வந்தன.

இன்று இரவே ஒரு கொப்பி வாங்குங்கள். எந்தத் திகதி, எந்தக் கடை, மென்பொருள் என்ன பதிந்தது, நீங்கள் என்ன கண்டீர்கள், அதனால் எவ்வளவு காசு தப்பியது. வாரத்துக்கு மூன்று வரி போதும். சம்பளம் கூட்டிக் கேட்கும்போதும், வேறு இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதும் பேசுவதற்கு உங்களிடம் விஷயம் இருக்கும். பதிகிற வேலை போகப்போகிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வரிச் சட்டத்தை ஆழமாகப் படியுங்கள், பரீட்சைகளைத் தொடருங்கள். கடைக்காரரோடு பேசும் கூட்டத்தில் அடுத்த முறை நீங்களே வாய் திறந்து அந்த உடுப்பு விஷயத்தைச் சொல்லுங்கள். உடைந்த ஆங்கிலமாக இருந்தாலும் தன் காசு தப்பியதைச் சொல்பவரை அவர் கவனித்துக் கேட்பார்.

அம்மா சொல்லும் டீச்சர் வேலை பற்றி. நம் மக்கள் லயத்தை விட்டு வெளியே வந்த முதல் வழிகளில் அது ஒன்று. பத்தனை ஆசிரியர் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் எத்தனை பள்ளிக்கூடங்களைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசை இருந்தால் போங்கள். கணக்குக்குப் பயந்து போக வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்கு இதைச் செய்யுங்கள். நேரில் பேச வேண்டாம், இமெயிலில் மரியாதையாகக் கேளுங்கள். சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் ஈடாக என்ன தருவீர்கள்? என் 3 வருடம் 4 மாதச் சேவை என்ன ஆகும்? ஒப்பந்தத்தை முடிக்க எத்தனை மாத முன்னறிவித்தல்? நிரந்தர ஊழியராகவே வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாதா? பதில் வரும் வரைக்கும் பேனாவைத் திறக்க வேண்டாம். மற்ற நாலு பேரிடமும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், ஐந்து பேரும் ஒரே நாளில் கேட்டால் இன்னும் நல்லது. உங்கள் நியமனக் கடிதத்தையும் சேமலாப நிதிக் கூற்றையும் பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தினால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, அந்தப் பிரதிகளோடு நேராகப் போகலாம்.

அவர்கள் என்ன பதில் எழுதுகிறார்கள் என்று எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து வாசிப்போம்.