பன்னிரண்டு லட்சத்துக்கு ஒரு எண்

தம்பி, கோயம்புத்தூரில் ஆறு ஆண்டுகளாகப் பம்ப் வடிவமைப்பில் இருக்கிறீர்கள். இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்பை 12 லட்சத்துக்கு வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம், ஆனால் காரணம் தெரியாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு ஏஜென்ட் வந்து 8 லட்சம் என்பார்.

ஸ்பான்சர்ஷிப் என்றால் வெளிநாட்டவர் ஒருவரை ஒரு நிறுவனம் தன் பொறுப்பில் வேலை விசாவில் வரவழைப்பது. இந்த ஏற்பாட்டில் செலவு செய்ய வேண்டியது நிறுவனம். முதலில் அது உள்துறை அமைச்சகத்திடம், அதாவது நாங்கள் எல்லோரும் ஹோம் ஆபீஸ் என்று சொல்கிற இடத்தில், ஸ்பான்சர் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 239 பவுண்டிலிருந்து 525 ஆனது. அதற்கு மேல் திறன் கட்டணம் என்று ஒன்று, வெளிநாட்டவரை வேலைக்கு எடுப்பதற்காக நிறுவனம் அரசுக்குக் கட்டுவது. 2025 டிசம்பர் உயர்வுக்குப் பிறகு பெரிய நிறுவனம் ஆண்டுக்கு 1,320 பவுண்ட், சிறிய நிறுவனம் 480. மூன்று ஆண்டு விசா என்றால் பெரிய நிறுவனத்துக்கு இது மட்டுமே 3,960 பவுண்ட். லைசென்ஸ், சான்றிதழ், திறன் கட்டணம் மூன்றில் எதையும் உங்கள் தலையில் கட்டக் கூடாது என்பது விதி. உங்கள் பங்குக்கு வருவது விசா விண்ணப்பக் கட்டணமும், அரசு மருத்துவச் சேவைக்காக ஆண்டுக்கு 1,035 பவுண்ட் மருத்துவக் கட்டணமும். பின்னது எல்லா ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும், அதனால் மலைக்க வைக்கும். நல்ல நிறுவனங்கள் பல அதையும் தாங்களே கட்டிவிடுகின்றன. இவ்வளவு செலவழித்து ஆள் எடுப்பவன் உங்களிடம் 12 லட்சம் கேட்பானா?

சான்றிதழ் என்றதும் முத்திரை குத்திய தாளைக் கற்பனை செய்யாதீர்கள். 2012-ல் எனக்கு அது மின்னஞ்சலில் வந்தது, எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு வரியாக. லேமினேட் செய்து வைக்கலாம் என்று கும்பகோணத்தில் காத்திருந்த அப்பா, "இவ்வளவுதானா? சர்டிபிகேட் எங்கே?" என்று இரண்டு முறை கேட்டார். இன்றும் அது வெறும் எண்தான். வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வண்ணக் கடிதத்தை நம்பாதீர்கள்.

ஏஜென்ட் காட்டிய நிறுவனத்தின் பெயர், லைசென்ஸ் பெற்றவர்களின் பிரிட்டிஷ் அரசுப் பட்டியலில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள பட்டியல் அது, அரசின் தளத்தில் யாரும் இறக்கிப் பார்க்கலாம். ஊர், தரம், எந்த விசாவுக்கான அனுமதி என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் லைசென்ஸ் இருப்பதற்கும் உங்களுக்கு வேலை இருப்பதற்கும் தொடர்பில்லை. முதியோர் பராமரிப்பு வேலைக்கு 2022-ல் இந்தக் கதவு திறந்தபோது, நகையை விற்று வந்த பலருக்கு இங்கே இறங்கியதும் வாரத்துக்குப் பத்து மணி நேர வேலைகூடக் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்கு ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் நிறுத்தியேவிட்டார்கள்.

உங்கள் துறைக்கு வழி அடைபடவில்லை. அதே ஜூலை 22 முதல் பட்டப்படிப்புத் தரத்திலான வேலையாக இருக்க வேண்டும் என்பது பொது விதி, சிறு விலக்குகள் தவிர. சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்ட், அல்லது அந்த வேலைக்கென்று அரசு வகுத்த தொகை, இரண்டில் எது அதிகமோ அது. 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சலுகை உண்டு, உங்களுக்குப் பொருந்தாது. 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத்தில் பி2 நிலை, அதாவது நடுத்தரத்துக்கு மேலான தேர்ச்சி, வேண்டும். வேலையின் பெயரை விட அரசு அந்த வேலைக்குக் கொடுத்திருக்கும் குறியீட்டு எண் முக்கியம். இயந்திரப் பொறியாளருக்கு 2122. நிறுவனம் வேறு எண்ணைப் போட்டு, செய்யப்போகும் வேலை அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் விசா மறுக்கப்படலாம்.

வந்த பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் மூன்றாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மனிதவள அதிகாரி அழைத்து, திட்டம் கைவிடப்பட்டது என்றார். ஸ்பான்சர் போனால் விசாவும் போகும். நிறுவனம் ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்கும். அங்கிருந்து கடிதம் வரும். அதிலிருந்து பொதுவாக 60 நாள். அதற்குள் வேறு ஸ்பான்சர், புதிய சான்றிதழ், புதிய விண்ணப்பம். என் மனைவி அப்போது ஏழு மாதக் கர்ப்பம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காலண்டரை ஒட்டி நாள்களை அடித்துக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்றாம் கோட்டில் வேலை கிடைத்தது. அதனால்தான் இன்றும் ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்திருக்கச் சொல்கிறேன்.

ஏஜென்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பம்ப், வால்வு செய்யும் நிறுவனங்களின் பெயர்களை பிரிட்டிஷ் அரசின் அந்த லைசென்ஸ் பட்டியலில் தேடி, அவற்றின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் நேரடியாக விண்ணப்பியுங்கள். வேலைக் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள்: இத்தனை ஆண்டுக்குள் விலகினால் விசாச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கும். எவ்வளவு தொகை, ஆண்டு போகப் போகக் குறையுமா, திறன் கட்டணத்தையும் அதில் நுழைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். நுழைத்திருந்தால் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.